அம்மா நிரப்பிப் பார்க்கும் ஃபாரங்கள்

போன மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு லாட்ஜ்காரர் பிரஸ்ஸுக்கு வந்தார். ஒண்டிக்கடையிலிருந்து கொஞ்சம் தள்ளி 12 அறை வைத்து நடத்துகிறார். மஞ்சள் பையிலிருந்து நான்கு பக்கம் டைப் செய்த தாளை எடுத்து மேஜைமேல் வைத்து, "இதை அப்படியே அடிச்சுக் குடும்மா. நூறு தாள் பேடு, இருபது போதும்" என்றார். தங்க வருகிறவர்கள் நிரப்பித் தர வேண்டிய ஃபாரம். பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே எண்ணினேன். மொத்தம் 34 கேள்விகள்.

பெயர், முகவரி, செல் நம்பர் எல்லாம் சரி. அப்புறம் அப்பா பெயர், மதம், கல்யாண நாள், மாத வருமானம், எங்கே வேலை, முழு ஆதார் எண், பான் எண், ரத்த வகை, பிள்ளைகள் எந்தப் பள்ளி என்று போய்க்கொண்டே இருந்தது. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி, குழந்தைக்கு வாந்தி துடைத்துக்கொண்டு வந்து நிற்கிற குடும்பத்திடம், அறைச் சாவியைக் கொடுக்கும் முன் கேட்கப் போகிற கேள்விகள் இவை.

"அண்ணா, மாச வருமானத்தை வாங்கி வெச்சு என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "நெட்டுல ஒரு பெரிய ஓட்டல் ஃபாரம் கெடச்சுதும்மா. அதுல இருந்துச்சு, நானும் போட்டுட்டேன்" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்களிடம் ஃபாரம் அடிக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான், வேறு யாரோ வேறு எதற்கோ கேட்டதை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆனால் ஒரு கேள்வி அச்சில் ஏறிவிட்டால் இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுத வேண்டும். அந்த இரண்டாயிரம் பதிலை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டால், கேட்டவரிடமே பதில் இருக்காது. ரொம்ப நாளாக மனதை உறுத்துகிற விஷயம் இது. எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பிரஸ் சேலம் இரண்டாவது அக்ரஹாரத்திலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருக்கிறது. 1979ல் ஒரு டிரெடில் மெஷினையும் ஆறு கேஸ் தமிழ் எழுத்தையும் வைத்து அப்பா ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகையும் காலண்டரும் வேறு பிரஸ்களுக்குப் போயின. அப்பாவிடம் வந்ததெல்லாம் பில் புக், வவுச்சர், ரசீது, விண்ணப்பம். புத்தகம் அடிக்கிறவர்களுக்கு ஃபாரம் என்றால் 16 பக்கம். எங்களுக்கு ஃபாரம் என்றால் கோடும் கட்டமும். பித்தளை ரூலை அளந்து வெட்டி, எழுத்துக்கு நடுவில் செருகி, கோடு கோடாக அடுக்கிக் கட்ட வேண்டும். கட்டியபின் ஒரு கோட்டை அரை அங்குலம் நீட்ட வேண்டுமென்றால் சுற்றிலும் இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். அதனால் கோடு போடும் முன்பே அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிடுவார். இதை யார் எழுதுவார்கள், நின்றுகொண்டா உட்கார்ந்தா, பேனாவா பென்சிலா, கையில் எண்ணெய் இருக்குமா, எழுதின தாள் அப்புறம் யார் கைக்குப் போகும்? இன்றைக்குக் கம்ப்யூட்டரில் கோட்டை இழுத்தால் நீளும். ஆனாலும் அந்தக் கேள்விகளை நான் விடவில்லை.

அப்பா போட்ட ஃபாரங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது வெள்ளிப் பட்டறை வவுச்சர். சேலத்துக் கொலுசு எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கமெல்லாம் பட்டறைக்காரர் வெள்ளியை எடை போட்டு வீட்டு வேலைக்காரர்களிடம் கொடுப்பார். ஒரு வீட்டில் கம்பி இழுப்பார்கள், இன்னொரு வீட்டில் சங்கிலி கோப்பார்கள், வேறொரு வீட்டில் பற்ற வைப்பார்கள். வேலை முடிந்து வரும்போது மறுபடியும் எடை. கொடுத்ததற்கும் வந்ததற்கும் நடுவில் குறைவது சேதாரம். ஒத்துக்கொண்ட சேதாரத்துக்கு மேல் குறைந்தால் வேலைக்காரர் கணக்கில் பாக்கி. இவ்வளவு பெரிய நம்பிக்கை வியாபாரம் முழுக்க ஒரு உள்ளங்கை அகலத் தாளில் நடக்கிறது. தேதி, கொடுத்த எடை, டச் (வெள்ளியின் சுத்தம்), வந்த எடை, சேதாரம், பாக்கி, கையெழுத்து. அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் எடைக்கு ஒரே ஒரு கோடுதான் இருந்ததாம். ஒரு நாள் ஒரு அம்மா அழுதுகொண்டு பிரஸ் வாசலுக்கே வந்துவிட்டார். சீட்டில் 12.5 என்று இருக்கிறது. பட்டறைக்காரர் அது 12 கிராம் 500 மில்லி என்கிறார். கொடுக்கும்போது 12 கிராம் 5 மில்லி என்றுதான் சொன்னார்கள் என்கிறார் அந்த அம்மா. எழுதின ஆள் ஊரில் இல்லை. அன்றைக்கு ராத்திரி அப்பா ரூலைக் கழற்றி மறுபடியும் கட்டினார். கிராம் தனிக் கட்டம், மில்லி தனிக் கட்டம். மில்லிக்குள் மூன்று சின்ன அறை. ஐந்து மில்லி என்றால் 005 என்று எழுதியே ஆக வேண்டும், ஐநூறு என்றால் 500. புள்ளி வைக்கிற வேலையே கிடையாது. இரண்டு எடைக் கட்டங்களும் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரும்படி வைத்தார், கழித்துப் பார்க்க வசதியாக. கையெழுத்துக் கோடும் இரண்டாயிற்று, கொடுத்தவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று. நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. அதே அளவில்தான் இன்றும் அடிக்கிறோம்.

அந்த வவுச்சரில் மாறினது ஒன்றே ஒன்று, கார்பன். முதலில் நடுவில் நீலக் கார்பன் தாளைச் செருகிக் கொடுப்போம். இப்போது கார்பன் இல்லாத தாள். 1950களில் அமெரிக்காவில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனி கொண்டுவந்தது அது. மேல் தாளின் பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத சாயக் குமிழிகள் பூசியிருக்கும். பேனா அழுத்தும்போது குமிழி உடைந்து, கீழ்த் தாளின் முன்பக்கம் பூசியிருக்கிற களிமண் மாதிரியான பூச்சில் பட்டு நிறம் எடுக்கும். இதில் ஒரு சங்கடம் உண்டு. புக்கில் இருக்கிற அட்டையை மடித்துச் செருகாமல் எழுதினால், அடுத்த வாடிக்கையாளரின் வெற்றுத் தாளிலும் முந்தின எடை மங்கலாக விழுந்துவிடும். வெள்ளிக் கணக்கில் அது சும்மா விடுகிற விஷயமா? அதனால் ஒவ்வொரு புக்கைக் கொடுக்கும்போதும் அட்டையை எப்படி மடிப்பது என்று கையால் செய்துகாட்டித்தான் கொடுப்பேன்.

பில் புக் என்று பேச ஆரம்பித்தால் 2017 ஜூன் மாதம் ஞாபகம் வருகிறது. ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. ஊரில் இருந்த அத்தனை பில் புக்கும் பழைய வாட் வரிக்கான 11 இலக்க டின் எண்ணோடு ஒரே நாளில் வீண். 15 இலக்க எண்ணோடு புது புக் வேண்டும், சரக்கு பில் என்றால் மூன்று பிரதி வேண்டும். ஒரிஜினல் வாங்குபவருக்கு, டூப்ளிகேட் சரக்கை ஏற்றிப் போகிறவருக்கு, ட்ரிப்ளிகேட் விற்பவருக்கு. வெள்ளை, ரோஸ், மஞ்சள். பதினைந்து நாள் மெஷினை அணைக்கவே இல்லை. வாங்குபவர் எண்ணுக்கும் ஒரு கோடு போட்டால் போதும் என்றுதான் பலர் சொன்னார்கள். நான் 15 கட்டமாகப் பிரித்தேன். கோட்டில் எழுதினால் ஒரு இலக்கம் விட்டுப் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. கட்டத்தில் எழுதினால் கடைசிக் கட்டம் காலியாக நின்று காட்டிக்கொடுத்துவிடும். முதல் இரண்டு கட்டத்தில் 33 என்று தமிழ்நாட்டு எண்ணை அச்சடித்தே தரச் சொன்னார் ஒரு கொலுசு வியாபாரி. உங்கள் சரக்கு கர்நாடகாவுக்கும் போகுமே, அங்கே 29, மகாராஷ்டிராவுக்குப் போனால் 27 என்றதும் விட்டுவிட்டார்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா 1953ல் பிறந்தவர், எட்டாவது வரை படித்தவர். எந்த ஃபாரத்துக்கும் அச்சுப் பிளேட் போடும் முன் ஒரு ப்ரூஃப் எடுத்து அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். சமையல் கட்டுத் திட்டின் மேல் வைத்து, பால்பாயிண்ட் பேனாவால், கண்ணாடி போட்டுக்கொண்டு உண்மையாகவே நிரப்புவார். நான் பக்கத்தில் நிற்பேன், ஒன்றும் சொல்ல மாட்டேன். அம்மா பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எந்த இடத்தில் யோசிக்கிறாரோ, அந்த இடத்தில் கோளாறு. இத்தனை வருடத்தில் இது தவறினதே இல்லை.

அம்மா அதிகமாக நிற்கிற இடம் பெயர்தான். வெளியில் இருப்பவர்களுக்கு வேடிக்கையாகத் தோன்றலாம், நம் ஊரில் ஒரு ஆளின் பெயரை வாங்குவது அவ்வளவு சுலபமில்லை. கல்யாணத்துக்கு முன் அம்மாவுக்குத் தாத்தாவின் இனிஷியல், அப்புறம் அப்பாவின் இனிஷியல். ரேஷன் கார்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று. ஆதார் எடுத்தபோது அங்கிருந்த பையன் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் தட்டிவிட்டான். இதற்கு மேல் ஆன்லைன் ஃபாரம் வந்து முதல் பெயர் என்ன, கடைசிப் பெயர் என்ன என்று கேட்கிறது. கடைசிப் பெயர் இல்லாத ஊரில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட முடியாது, சிவப்பு நட்சத்திரம் போட்டிருக்கும். ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் இனிஷியலைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு தரம் போடுவார். ஒரே ஆள் மூன்று இடத்தில் மூன்று ஆளாகிவிடுவார். அம்மா ஒரு நிதி நிறுவனத்தில் போட்டிருந்த பணம் முதிர்ந்தபோது, இனிஷியல் ஒத்துப் போகவில்லை என்று மூன்று வாரம் நிறுத்தி வைத்தார்கள். வெயிலில் நான்கு தடவை ஆட்டோ பிடித்துப் போய்வந்தார். அவர் பணம், அவர் கையெழுத்து, கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு அம்மாவை நன்றாகவே தெரியும். ஆனாலும் கட்டம் ஒத்துக்கொள்ளவில்லை.

அதற்கப்புறம் எங்களிடம் வருகிற ஃபாரங்களில் பெயருக்கு ஒரே நீளமான கோடு போட்டு, அடையாள அட்டையில் உள்ளபடி என்று பக்கத்தில் சின்ன எழுத்தில் போடுகிறேன். கீழே இனிஷியலின் விரிவு. இனிஷியல் யாருடையது என்பதற்கு அப்பா, அம்மா, கணவர் என்று மூன்று டிக். 2021 டிசம்பரில் தமிழக அரசு பெயரைப் போலவே இனிஷியலையும் தமிழிலேயே எழுதச் சொல்லி ஆணை போட்டது, அதிலிருந்து பள்ளி விண்ணப்பங்களில் அந்தக் கோட்டுக்கு இன்னும் கொஞ்சம் இடம் விடுகிறேன். வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டிய ஃபாரம் என்றால் ஆங்கில எழுத்துக்குக் கட்டங்களும் கீழே உண்டு. கொஞ்சம் இடம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

முகவரியும் இப்படித்தான். பழைய கதவு எண், புதிய கதவு எண் இரண்டுக்கும் இடம் வேண்டும். எதற்குப் பக்கத்தில் என்று எழுத ஒரு வரி வேண்டும், மாரியம்மன் கோயில் எதிரே என்பதுதான் பல வீடுகளுக்கு நிஜமான முகவரி. பின்கோடுக்கு ஆறு கட்டம். இங்கே மட்டும் வியாபாரம் செய்கிறவர் என்றால் 636 என்று அச்சடித்து மூன்று கட்டத்தை மிச்சம் பிடிப்பேன்.

மலைமேல் இருக்கிற ஒரு காபி எஸ்டேட்டுக்கு வருடா வருடம் ஐப்பசியில் பறிப்புச் சீட்டு அடித்துக் கொடுக்கிறோம். நவம்பரிலிருந்து பழம் பறிக்கும் வேலை. சாயங்காலம் மூட்டையை எடை போட்டு, ஆளுக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். முதல் தடவை சாதாரண மெல்லிய தாளில் அடித்துக் கொடுத்தேன். மேலே பனியும் சாரலுமாக இருக்கும், சீட்டு மாராப்பில் செருகியிருந்து நைந்து போயிற்று என்று சூப்பர்வைசர் சொன்னார். ஜெல் பேனாவில் எழுதினது கரைந்து நீலமாகிவிட்டது. ஒருத்தி ஒரு நாள் முழுக்க பறித்த கூலிக்குச் சாட்சி அந்தச் சீட்டு. மறு வருடம் கெட்டித் தாள் போட்டேன், பென்சிலால் எழுதச் சொன்னேன், கிலோ எண்ணுக்கு மட்டும் பெரிய கட்டம். கையெழுத்து இடத்தை மூன்று சென்டிமீட்டர் சதுரமாக மாற்றினேன். கைநாட்டு வைக்கிற பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். கோட்டின் மேல் கைநாட்டு வைத்தால் பாதி ரேகை எண்களின் மேல் ஏறிவிடும்.

எல்லா ஃபாரமும் இப்படி நல்லபடியாகச் சொல்கிற மாதிரி இல்லை. 2016ல் அப்பாவுக்கு வயிற்றில் ஆபரேஷன். ராத்திரி பதினொரு மணிக்கு நர்ஸ் ஒரு இரண்டு பக்கத் தாளைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டி, பேனாவால் பெருக்கல் குறி போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். முழுக்க ஆங்கிலம். நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வந்தபோது அம்மா கையெழுத்துப் போட்டு முடித்திருந்தார். தாளை வாங்கிப் படித்தேன். கடைசி வரியில், மேலே சொன்னதெல்லாம் எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கப்பட்டது, நான் புரிந்துகொண்டேன் என்று இருந்தது. அந்த வரியும் ஆங்கிலத்தில்தான் இருந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, அப்பா அதற்கப்புறம் நான்கு வருடம் இருந்தார். ஆனால் அந்த வரியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கும். ஒரு ஆள் தன் புருஷனின் உயிருக்குச் சம்மதம் சொல்கிற தாள் அது. அவருக்குப் புரிகிற மாதிரி இருக்க வேண்டாமா? அன்றிலிருந்து கிளினிக், ஆஸ்பத்திரி யார் சம்மதப் படிவம் அடிக்க வந்தாலும் தமிழ் கம்போசிங்குக்குக் காசு வாங்குவதில்லை. ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ், வரிக்கு வரி. சிலர் வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். நான்கு பேர் தொடர்ந்து என்னிடமே அடிக்கிறார்கள்.

2023 ஆகஸ்டில் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஆன்லைனில் ஒருவரிடம் சம்மதம் வாங்கினால், எதற்காக வாங்குகிறோம் என்பதை எளிமையான மொழியில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துப் பார்க்க வசதி தர வேண்டும். நம் தமிழும் அதில் உண்டு. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. வாங்கின காரியம் முடிந்ததும், வேறு சட்டப்படி வைத்திருக்கத் தேவையில்லை என்றால், அழித்துவிட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. இந்த அழிக்கிற விஷயம்தான் என்னைப் பொறுத்தவரை ரொம்ப முக்கியம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு சாயங்காலம் கடை அடைத்துவிட்டு வரும் வழியில் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் வாங்கினேன். பீட்ரூட், கேரட் துருவல், சட்னி எல்லாம் வைத்துத் தட்டின் அடியில் ஒரு தாளைப் போட்டுக் கொடுத்தார். எண்ணெய் ஊறி எழுத்து தெரிந்தது. கடன் விண்ணப்பம். மூலையில் நம்பரிங் இருந்த விதத்தைப் பார்த்ததுமே எங்கள் மெஷின் என்று தெரிந்துவிட்டது, அதில் 7 கொஞ்சம் சாய்ந்து விழும். ஒரு பெண்ணின் பெயர், கணவர் பெயர், செல் நம்பர், சம்பளம், வீட்டு வாடகை, கையெழுத்து, பாஸ்போர்ட் சைஸ் போட்டோவின் ஜெராக்ஸ். நான் கோடு போட்டுக் கொடுத்த இடத்தில்தான் அவர் இதையெல்லாம் நம்பி எழுதியிருக்கிறார். வண்டிக்காரரிடம் அந்தக் கட்டையே காசு கொடுத்து வாங்கி வந்தேன். பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் கிடைத்ததாகச் சொன்னார். அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து சொன்னேன், வருத்தம் தெரிவித்தார்கள். தாள்களை நானே கட்டிங் மெஷினில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டினேன்.

இப்போது ஃபாரம் கேட்கிறவர்களிடம் எழுதின தாளை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், அப்புறம் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கிறேன். அந்தப் பதிலைத் தாளின் அடியில் ஒரு வரியாக அச்சடிக்கலாம் என்கிறேன். ஒத்துக்கொள்கிறவர்கள் குறைவு. தீபாவளி குலுக்கல் கூப்பனுக்கும் இதையே சொன்னேன் ஒரு ஜவுளிக்கடைக்காரரிடம். பெயரும் செல் நம்பரும் போதும், பிறந்த தேதி எதற்கு, பெட்டிக்குள் போடுகிற தாளில் வீட்டு முகவரி எதற்கு என்று பேசிப் பேசி ஆறு வரியை இரண்டாக்கினேன். செல் நம்பர் விஷயத்திலும், கொடுக்காவிட்டால் பில் போட மாட்டோம் என்று கடைகள் சொல்லக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. பில் கவுண்டரில் நிற்கும்போது இது நம் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தால் நல்லது.

கூகுள் ஃபாரமும் செய்து கொடுக்கிறோம். தம்பி மகன் காலேஜ் முடித்துவிட்டு என்னோடுதான் இருக்கிறான், அவன் பார்த்துக்கொள்கிறான். யோகா வகுப்பு, சமையல் ஆர்டர், அபார்ட்மெண்ட் சங்கம் இவற்றுக்கெல்லாம் அதுதான் வசதி, எழுதினது நேராகக் கணக்குத் தாளில் போய் உட்கார்ந்துவிடும், மறுபடி டைப் செய்ய வேண்டாம். ஆனால் தாளில் ஒரு சுதந்திரம் உண்டு. கேள்வி பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடலாம். பதில் அந்தக் கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் ஓரத்தில் எழுதலாம், அம்பு போடலாம். ஆன்லைனில் நட்சத்திரம் போட்ட கேள்வியை விட்டால் அடுத்த பக்கம் போகாது. அப்போது மக்கள் என்ன செய்கிறார்கள்? செல் நம்பருக்குப் பத்து ஒன்பதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். பிறந்த தேதி ஜனவரி 1. கட்டாயப்படுத்தி வாங்கினால் வருவது இதுதான். கணக்குத் தாளில் ஒரு வரி விடாமல் நிரம்பியிருக்கும், எதையும் நம்ப முடியாது. அதனால் ஒரு ஃபாரத்துக்கு மூன்று நட்சத்திரத்துக்கு மேல் போடக் கூடாது என்று தம்பி மகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பிறந்த வருடத்துக்கு உருட்டுகிற பட்டியல் வைக்காதே என்றும் சொல்லியிருக்கிறேன். இந்த வருடத்திலிருந்து 1953க்கு அம்மா விரலால் தள்ளிக்கொண்டே போவதைப் பார்த்துவிட்டுச் சொன்னது.

சரி, லாட்ஜ்காரர் விஷயத்துக்கு வருகிறேன். டீ வாங்கி வரச் சொல்லிவிட்டு 34 கேள்வியையும் ஒவ்வொன்றாக எடுத்தோம். இதை யார் படிப்பாங்க என்று மட்டும் கேட்டேன். மதம் போயிற்று. வருமானம், வேலை, பான் எண், பள்ளி எல்லாம் போயிற்று. கல்யாண நாளுக்குக் கொஞ்சம் தயங்கினார், வாழ்த்து அனுப்பலாமே என்றார். போன வருஷம் யாருக்காவது அனுப்பினீர்களா என்றதும் அவரே அடித்தார். ஆதாருக்குக் கடைசி நான்கு எண் போதும், மற்ற எட்டு எண்ணை மறைத்த ஆதாரையே ஆணையம் டவுன்லோடு செய்யத் தருகிறது, ஆதார் தர விருப்பமில்லாதவர் வாக்காளர் அட்டையோ ஓட்டுநர் உரிமமோ காட்டட்டும் என்றேன். வண்டி எண் இருக்கட்டும் என்றார், ராத்திரி வழியை மறித்து நிறுத்திவிட்டால் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறதாம். எங்கிருந்து வருகிறார், அடுத்து எங்கே போகிறார், எத்தனை பேர், எத்தனை நாள் இவை ரிஜிஸ்டருக்கு வேண்டும். வெளிநாட்டுக்காரர் வந்தால் அரசாங்கத்துக்குத் தகவல் சொல்கிற ஃபாரம் தனி, 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் அனுப்புவது, அதை இதோடு சேர்க்கக் கூடாது.

டீ குடித்து முடிக்கும்போது அவராகவே ஒன்று சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் ராத்திரி இரண்டு மணிக்குத் தங்கியிருந்த ஒருவருக்கு மூச்சு முட்டிவிட்டதாம். தனியாக வந்தவர். ஆம்புலன்ஸில் ஏற்றி அடிவாரம் இறங்கும் வரை வீட்டில் யாருக்குச் சொல்வது என்றே தெரியவில்லை, செல்போன் பூட்டியிருந்தது. "அவரு ரிஜிஸ்டர்ல எழுதினது அவரோட நம்பர் மட்டும்தாம்மா. அதுக்குப் போட்டா அவரு பாக்கெட்லயே அடிக்குது" என்றார்.

தாளை மறுபடியும் முதலிலிருந்து பார்த்தோம். அந்த 34 கேள்வியில், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி இல்லை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அதைப் பென்சிலால் நான்காவது வரியாக எழுதினேன், பெயருக்கு ஒரு கோடு, நம்பருக்குப் பத்துக் கட்டம்.

13 கேள்விகளோடு ஒரே பக்கத்தில் முடிந்தது, ஒரு பக்கம் தமிழ், திருப்பினால் ஆங்கிலம். ப்ரூஃபை வீட்டுக்கு எடுத்துப் போனேன். அம்மா ரசத்துக்குப் புளியைக் கரைத்து வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். பெயர், முகவரி தடங்கல் இல்லாமல் போயிற்று. அவசரத்துக்கு என் பெயரை எழுதினார், நம்பரை மனப்பாடமாகவே போட்டார். வண்டி எண்ணுக்குக் கோடு கிழித்துவிட்டு பஸ் என்று எழுதினார். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் பேனா நின்றது.

அதற்கு சுற்றுலா, வேலை, பிற என்று மூன்று கட்டம் வைத்திருந்தேன். பிற என்பதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு.

"ஏங்கண்ணு, சுற்றுலான்னா ஊர் சுத்திப் பாக்கறதுதானே?"

"ஆமாம்மா."

"நான் சுத்திப் பாக்கப் போகலையே" என்றவர், பிற என்பதில் டிக் போட்டு அந்தச் சின்னக் கோட்டில் எழுத ஆரம்பித்தார். இடம் போதவில்லை. கோட்டைத் தாண்டி, ஓரத்தில் வளைந்து, கீழே இறங்கி எழுதி முடித்தார். அப்பா இருந்தபோது கல்யாணமான புதிதில் ஒரு தடவை போனது, ஏரிக்கரையில் உட்கார.

மறுநாள் காலையில் பிளேட் போடும் முன் அந்தக் கோட்டை ஓரம் வரைக்கும் நீட்டினேன்.